வேம்படித் துறைக்குப் பத்தொன்பது படிகள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வலைப்பூவில் ‘அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரம்: ஒரு நாள் போதும்’ என்று ஒரு பதிவு எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அதில் ஐந்தாவது பத்தி வேம்படித் துறையைப் பற்றியது. “வண்டியை விட்டு இறங்கினால் தண்ணீர் வரைக்கும் சரிவுப் பாதைதான். படியே கிடையாது. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சுலபமாக இறங்கலாம்” என்று அதில் இருக்கும். அதை நம்பி யாராவது கிளம்பிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நில்லுங்கள். வேம்படித் துறையில் பத்தொன்பது படிகள் இருக்கின்றன. கைப்பிடி கிடையாது.

எண்ணிக்கையில் பிசகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் நான் அங்கே போகவே இல்லை.

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது மணி இரண்டேகால். மழை கொட்டிக்கொண்டிருந்தது. துறைப் பக்கம் போகும் டவுன் பஸ் போய்விட்டது, அடுத்தது நாலு மணிக்கு என்றார்கள். ஓட்டலில் சாப்பிட்டேன். திருநெல்வேலி பஸ் எதிரே வந்து நின்றது, ஏறிவிட்டேன். மறுநாள் எழுத உட்கார்ந்தபோது ஐந்து இடங்களுக்கு ஒன்று குறைந்தது. நண்பன் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏதோ ஒரு ஆற்றுத் துறையின் படம் போனில் கிடந்தது. அதைப் பதிவில் ஒட்டி, அதில் தெரிந்த சரிவை வைத்து, ஒரு பத்திதானே என்று தட்டிவிட்டேன். ‘போகாத ஊருக்கு இங்கே வழி சொல்வதில்லை’ என்று இந்த வலைப்பூவின் உச்சியில் ஒன்பது வருடமாகப் போட்டுவைத்திருக்கிற அதே ஆள்தான் இதைச் செய்தேன்.

போன புரட்டாசியில் அந்தப் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் ஜெசிந்தா டீச்சர். வீரவநல்லூர்ப் பக்கம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான பகல் நேர மையம் ஒன்றில் சிறப்பாசிரியர். “வணக்கம் சார். வேம்படித் துறையில் சரிவு இல்லை, படிதான். உங்கள் பதிவைப் பார்த்துப் பதினோரு பிள்ளைகளை அழைத்து வந்தோம். இரண்டு பேர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். திருத்தினால் நல்லது.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் சண்டை போட வாகாக இருந்திருக்கும்.

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? “தகவலுக்கு நன்றி. நான் போனபோது படி இல்லை. பிறகு கட்டியிருப்பார்கள்.” ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. அதோடு பத்தியையும் திருத்தவில்லை. இரண்டு நாள் கழித்து டீச்சர் மறுபடி எழுதியிருந்தார்: “ஒரு முறை எங்கள் மையத்துக்கு வர முடியுமா?”

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயண எழுத்தாளர் என்று பிள்ளைகளிடம் பேசச் சொல்வார்கள், ஒரு பொன்னாடையாவது போர்த்துவார்கள் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அங்கே ஒரே பெரிய அறை. ஒரு மூலையில் கால் பயிற்சிக்கான இணைகம்பிகள், இன்னொரு மூலையில் பாய், சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பட அட்டைகள். டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும், கடலோர ஊர்க்காரர், இடுப்பில் ஒரு துணிப்பை. பொன்னாடையைக் காணோம். உட்காரச் சொல்லி ஒரு அட்டையை எடுத்து என் கையில் தந்தார். என் பதிவில் இருந்த அதே சரிவுப் பாதைப் படம். அச்செடுத்து, கண்ணாடித்தாள் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டியிருந்தார்.

விஷயம் இதுதான். அந்த மையத்தில் கோமதி என்று பதின்மூன்று வயதுப் பெண் இருக்கிறாள். ஆட்டிசம் உள்ளவள், பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு அட்டைதான். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை டீச்சர் வரிசையாக அட்டையில் காட்டுவார், தனக்கு வேண்டியதை அவளும் அட்டை எடுத்துக் கொடுத்துக் கேட்பாள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, தலைவலி எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு. அதைப் பழக்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது. ஆற்றுக்குப் போவதற்காக ஒரு மாதம் தினமும் ஏழு அட்டைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாலாவது அட்டை என் சரிவு.

“வேனை விட்டு எறங்குனா படி,” என்றார் டீச்சர். “அட்டையப் பாத்தா. படியப் பாத்தா. திரும்பப் போயி வேன்ல ஏறி உக்காந்துட்டா. மறுபடி எறங்கி வந்து பாத்தா. எடம் மாறிப்போச்சுன்னு நெனச்சிருப்பா போல. மூணு தடவ அப்படிப் போயிட்டுப் போயிட்டு வந்தா சார். நாலாவது தடவ கையக் கடிக்க ஆரம்பிச்சுட்டா. குளிக்க வந்தவுங்க கூடிட்டாங்க, ஒருத்தரு போன்ல படம் புடிச்சாரு.”

சக்கர நாற்காலிப் பிள்ளைகள் இருவரும் மேலேயே ஒரு மணி நேரம் இருந்து, வேனிலேயே புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஆற்றின் சத்தம் கேட்டது, ஆறு தெரியவில்லையாம்.

அன்றிலிருந்து கோமதி எந்த அட்டையையும் தொடுவதில்லை. நீட்டினால் தட்டிவிடுகிறாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வழியில்லாமல் உடுப்பு நனைகிறது. பசிக்கும்போது சுவரில் தலையை மோதுகிறாள். வாரத்தில் மூன்று நாள்தான் மையத்துக்கு வருகிறாள். மூன்று வருடம் கட்டியது இடிந்துபோய்விடுமோ என்பதுதான் டீச்சரின் பயம். நான் ஒரு மழை நாளில் கால் மணி நேரத்தில் தட்டிய பத்திக்கு இவ்வளவு நீளமான கை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“இங்கன ஒரு வழக்கம் சார்,” என்றார். “அட்டை தப்பாப் போச்சுன்னா, போட்டவங்கதான் பிள்ளை முன்னால கோடு போடணும். ஒரு நாள் மழைன்னு நான் ஊஞ்சலுக்கு விடல. அட்டையில ஊஞ்சல் இருந்துது. நானே கோடு போட்டு, ‘தப்பு என்னுது’ன்னு சொன்னேன். சமையல் அக்கா போட்டா சமையல் அக்கா. அந்தச் சரிவுல நானும் ரெண்டு தடவ கோடு போட்டுப் பாத்தேன். ஏத்துக்கிடல. அது உங்க படம். தண்ணி வடிஞ்சதும் நீங்க ஒருக்க அங்கன வரணும்.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “நான் போனப்ப நெசமாவே படி இல்ல டீச்சர்” என்றேன். “அப்படியா சார்” என்று அவர் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

தை பிறந்து மூன்றாவது சனிக்கிழமை பயணம். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.40க்குப் பாபநாசம் பஸ். கட்டணம் இருபத்தைந்து ரூபாய், வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. சேரன்மகாதேவி தாண்டினால் இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் பச்சையாக நிற்கும். வேறு நாளாக இருந்தால் இதற்கு நான் இரண்டு பத்தி எழுதுவேன். 7.45க்கு மையத்து நிறுத்தத்தில் இறங்கினேன். வேன் தயாராக நின்றது. டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி, போன தடவையும் பிள்ளைகளை ஏற்றிப் போனவர் அவர்தான். முதலில் கோமதி மட்டும், அவளுக்கு ஒத்துவந்தால் பிறகு மற்றவர்களுக்கு ஏற்ற வேறு இடம் பார்ப்பது என்று டீச்சரின் திட்டம்.

கோமதி தன் அம்மா மாரியம்மாளோடு வந்தாள். மாரியம்மாள் பீடி சுற்றுகிறவர். மெலிந்த உடம்பு, எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருகிற பேச்சு. கோமதி மஞ்சள் சுடிதார், இரட்டைச் சடை. என்னைத் தாண்டிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். டீச்சர் புது அட்டை வரிசையை நீட்டினார். ஒவ்வொரு படமும் முந்தின வாரம் அவரே போய் எடுத்தது: வேன், பாலம், வேப்பமரம், படி, தண்ணீர், சாப்பாடு, வீடு. கோமதி பார்க்காமலேயே புறங்கையால் தள்ளினாள். இரண்டு அட்டைகள் இருக்கைக்கு அடியில் விழுந்தன. நான் குனிந்து பொறுக்கினேன்.

“நாலு மாசமா இப்படித்தான் சார் செய்யுதா,” என்றார் மாரியம்மாள். “முன்னெல்லாம் ராத்திரி வயித்த வலிச்சாக்கூட எழுப்பி அட்டைய எடுத்துத் தருவா. இப்போ அழுதான்னா எதுக்கு அழுவுதான்னு எனக்குத் தெரியல. பெத்தவளுக்கே தெரியல.”

அவருக்கு அந்தப் படம் என்னுடையது என்று தெரியும். ஆனாலும் என்னைக் குறை சொல்லும் குரலில் பேசவில்லை. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போலிருந்தது.

மையத்திலிருந்து துறைக்கு அம்பாசமுத்திரம் வழியாகப் பதினெட்டரை கிலோமீட்டர், எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. கல்லிடைக்குறிச்சியில் வழக்கமாக நான் டீ குடிக்கும் கடை வந்ததும் “அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம்” என்றேன். அவரும் அதற்காகவே காத்திருந்தவர்போல வேகத்தைக் குறைத்தார்.

“அட்டையில டீ இல்ல சார்,” என்றார் டீச்சர்.

“நாம மட்டும் எறங்கிக் குடிச்சிட்டு…”

“வேன் நின்னா அவளுக்கு ஆறுதான். ஆத்துக்கு மட்டுந்தான் நிக்கணும்.”

சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஒமக்கு ஒரு நா டீ இல்லேன்னா செத்தா போயிருவீரு?” என்று கியரை மாற்றினார். வடை எண்ணெய் மணத்தோடு கடை பின்னால் போனது. பாலத்தின் மேல் வேன் மெதுவாகப் போக வேண்டும் என்றும் டீச்சர் சொல்லிவைத்திருந்தார். தாமிரபரணி கீழே தெளிவாக ஓடியது. கோமதி நெற்றியை எடுக்கவில்லை, ஆனால் தொண்டைக்குள் ஒரு மெல்லிய முனகல் தொடங்கியது. அது சந்தோஷச் சத்தம் என்று மாரியம்மாள் சொன்னார்.

8.40க்குத் துறை. முதன்முறையாக வேம்படித் துறையைப் பார்க்கிறேன். மேலே வண்டி நிறுத்தக் கொஞ்சம் மண் தரை, ஒரு பெரிய வேப்பமரம், அதன் தூரை ஒட்டியே படி தொடங்குகிறது. கருங்கல் படி. நடுவெல்லாம் கால் பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. இந்த இரண்டு வருடத்துக்குள் கட்டிய படி என்று கண் தெரியாதவர்கூடச் சொல்லமாட்டார்.

கீழே குளித்துவிட்டு ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், தோளில் பிழிந்த வேட்டி. அவரிடம் வாயை அடக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். பதற்றத்தில் நானே வாயைக் கொடுத்தேன்.

“அண்ணாச்சி, இந்தப் படி எப்போ கெட்டுனது? ரெண்டு வருசம் இருக்குமா?”

அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு வருசமா? என்னவே சொல்லுதீரு? எங்கய்யா காலத்துப் படி இது. ரெண்டாங் கிளாஸ் படிக்கையில இந்தா, இந்தப் படியிலதான் வழுக்கி விழுந்து எனக்கு முன்பல்லு போச்சு.” வாயைத் திறந்து இடத்தையும் காட்டினார். “எந்த ஊரு ஒமக்கு?”

“பாளையங்கோட்டை.”

“அதான,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “நான் இங்கன வந்ததே இல்ல டீச்சர். அன்னைக்கு மழை. பாதியிலேயே திரும்பிட்டேன். படமும் வேற எங்கயோ உள்ளது.”

“தெரியும் சார்.”

“எப்போத்துல இருந்து?”

“ஊருக்குத் திரும்பிப் போயி அட்டைய எடுத்துப் பாத்த அன்னைக்கே. வேம்படித் துறைன்னு பேரு. உங்க படத்துல வேப்பமரம் எங்க இருக்கு? எனக்கே அப்பதான் உறைச்சுது. அவ மூணு தடவ வேனுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தாள்லா, இந்த மரத்த அட்டையில தேடியிருக்கா. அட்டையில இல்லாத மரம் இங்கன நிக்கு.”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே.”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பொறுமையும் இல்லை. ஒரு வேலை முடிய வேண்டும், அதற்கு இந்த ஆள் தேவை, அவ்வளவுதான். என் மேல் யாரும் கோபப்படாத அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பேருந்தில் சில்லறை தராத கண்டக்டரிடம் அரை மணி நேரம் நியாயம் பேசுகிறவன் நான். இந்த வலைப்பூவில் ஓட்டல்காரர்களை, லாட்ஜ்காரர்களை, ஆட்டோக்காரர்களை எத்தனை பேரை ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதியிருப்பேன்!

மாரியம்மாள் கோமதியை இறக்கி மரத்தடிக்குக் கூட்டி வந்தார். படியைக் கண்டதும் கோமதி நின்றாள். கை வாய்க்குப் போனது. டீச்சர் பழைய சரிவு அட்டையையும், அழியாத மையுள்ள சிவப்புப் பேனாவையும் என்னிடம் தந்தார். “அவ மொகத்தப் பாக்கவேண்டாம். அட்டைய அவ கண்ணுக்கு நேரா புடிச்சிட்டுப் போடுங்க.”

முன்னால் போய் மண்டியிட்டேன். “கோமதி, அன்னைக்கு மழை பெஞ்சுதா, நான் வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“கதை வேண்டாம் சார். ரெண்டு வார்த்தை.”

அட்டையின் குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. இரண்டாவது கோடு வளைந்துவிட்டது. “தப்பு,” என்றேன். பிறகு, “என்னுது.” ஒன்பது வருடத்தில் நூற்றுப் பதினான்கு பதிவு எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தையும் ஒன்றாக அவற்றில் எங்குமே இல்லை.

கோமதி அட்டையைத் தொடவில்லை. என் விரலையும் சிவப்புக் கோட்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், நேரம் குறிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் வெடுக்கென்று அட்டையைப் பிடுங்கினாள். படிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மரத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். குனிந்து அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

டீச்சர் அந்தக் கையில் படி அட்டையை வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன.

மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். சுடலைமுத்து அண்ணாச்சி காரணமே இல்லாமல் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். “பைய, பைய,” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் முன்னால் இறங்கினார். கோமதி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த படிக்கு இறங்கினாள். நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டாவது படி ஒரு பக்கம் உடைந்திருந்தது. படி அட்டையில் அந்த உடைசல் இல்லையோ என்னவோ, அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். இறங்க மறுத்துவிட்டாள்.

தண்ணீர் இன்னும் எட்டுப் படி கீழே இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டு, கையப் புடிச்சு எறக்கிட்டா என்ன டீச்சர்?” என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். டீச்சர் கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாரியம்மாளும் இறங்கி வந்துவிட, எல்லோரும் பதினோராவது படியில் வரிசையாக உட்கார்ந்தோம். இருபத்தைந்து நிமிடம். துணி துவைக்கிற சத்தம், தண்ணீரின் சத்தம், கோமதியின் முனகல். என் பையில் துண்டும் சோப்பும் அப்படியே இருந்தன.

திடீரென்று கோமதி எழுந்து டீச்சரின் இடுப்புப் பையைத் துழாவினாள். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்து, ஒன்றைப் பிரித்து அம்மாவின் கையில் திணித்தாள்.

மாரியம்மாள் அதைப் பார்த்தார். “வீட்டுக்குப் போவணுமாம்,” என்றார். பிறகு, நாங்கள் யாரும் கேட்காதபோதும், இன்னும் கொஞ்சம் சத்தமாக, “எம்புள்ள வீட்டுக்குப் போவணுமாம் டீச்சர், கேட்டுட்டா!”

வரிசைப்படி தண்ணீரும் சாப்பாடும் பாக்கி இருந்தன. டீச்சர் அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து, கோமதி பார்க்கக் கோடு போட்டு, “தப்பு, என்னுது” என்றார். நாலே நிமிடத்தில் எல்லோரும் வேனில் இருந்தோம். புளியோதரையை மையத்துக்கு வந்துதான் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் நான் டீச்சரிடம், அந்தப் பதிவையே இன்றைக்கு அழித்துவிடுகிறேன் என்றேன். நல்ல பிள்ளையாகிவிடும் அவசரம்.

“அழிக்காதீங்க சார். அழிச்சா நீங்க சொல்லவே இல்லேன்னு ஆயிரும். கோடு போடுங்க. கோட்டுக்குக் கீழ தெரியட்டும்.”

அதனால் ஐந்தாவது பத்தி அங்கேயேதான் இருக்கிறது, குறுக்கே கோட்டோடு. படமும் கோட்டோடு.

கோமதி இப்போது கழிப்பறை அட்டையை எடுத்துத் தருகிறாள் என்று போன வாரம் டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். சாப்பாட்டு அட்டையை இன்னும் சில நாள் தட்டிவிடுகிறாளாம். மையத்துக்கு ஐந்து நாளும் வருகிறாள். நான் எழுதியதால் கெட்டது இது, அவர்கள் உழைத்துச் சரியாகிக்கொண்டிருக்கிறது. இதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. சக்கர நாற்காலிப் பிள்ளைகள் இருவரும் இன்னும் ஆற்றைப் பார்க்கவில்லை. நான் கோடு போட்டதால் அங்கே ஒரு சரிவு முளைத்துவிடவில்லை.

போகிறவர்களுக்கு, இந்த முறை நாடாவால் அளந்த விவரங்கள். இதற்காகவே அடுத்த ஞாயிறு தனியாக மறுபடி போனேன். வேன் நிற்கும் இடத்திலிருந்து முதல் படிக்குப் பதினான்கு மீட்டர், மண் தரை, மழை பெய்தால் சக்கரம் புதையும். படியின் உயரம் பதினேழு முதல் இருபத்துநான்கு சென்டிமீட்டர் வரை, ஒன்றுபோல் இல்லை. பன்னிரண்டாவது படியின் இடது பக்கம் உடைந்திருக்கிறது, கடைசி மூன்றில் பாசி. துறையில் கழிப்பறை இல்லை. பக்கத்தில் இருப்பது 2.3 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில், அதன் கதவு அகலம் அறுபத்தொரு சென்டிமீட்டர். டீச்சரிடம் இருக்கும் சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்துநான்கு. சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளோடு போவதானால் காலை ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள். அமாவாசையன்று போகவே வேண்டாம், கூட்டமும் கற்பூரப் புகையும் தாங்காது. மையத்திலிருந்து வேன் வாடகை, காத்திருப்பையும் சேர்த்து, ஆயிரத்து ஐந்நூறு. முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம்.

சக்கர நாற்காலி தண்ணீர் வரைக்கும் போகிற துறை தாமிரபரணியில் எங்கேயாவது இருந்தால், நீங்களே கண்ணால் பார்த்திருந்தால் மட்டும், கீழே எழுதுங்கள். நான் நாடாவோடு போய் அளந்துவிட்டு டீச்சரிடம் சொல்கிறேன்.

இன்னொன்று. அன்று வீட்டுக்கு வந்ததும் நூற்றுப் பதினான்கு பதிவுகளையும் மறுபடி படித்தேன். இதுபோல இன்னும் ஆறு பத்திகள் இருக்கின்றன. உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததாக எழுதியிருக்கிறேன். பார்த்ததில்லை, கடையில் வாங்கியதோடு சரி. மாஞ்சோலை பஸ்ஸின் கடைசி இருக்கையில் குலுங்கிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறேன். அந்தப் பஸ்ஸில் நான் ஏறியதே இல்லை. தேயிலைத் தோட்டம் மூடியதில் அங்கே குடியிருந்தவர்கள் மலையிறங்கி வந்துவிட்டார்கள், நான் எழுதிய டீக்கடைக்காரர் அங்கே இருந்தாரா என்று இனிப் போய்க் கேட்கவும் ஆளில்லை. ஆறிலும் கோடு போட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தின் உச்சியில் ஒன்பது வருடமாக இருந்த அந்த வரியின் மேலும் ஒரு கோடு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் இரண்டே வார்த்தை இருக்கும்: தப்பு. என்னுது.